பயில வந்தவரும் சங்கத்தின் கடமையும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது நாம் முதலில் நோக்குவது ரொக்கப் புத்தகத்தை என்று பலர் கருதுவர். உண்மையில் அதற்கு முன்பே நம் கண் ஒரு மூலையைத் தேடுகிறது. கூட்டுறவு மேலாண்மை நிலையத்தில் பட்டயப் பயிற்சி முடித்தவரோ, புதிதாக நியமனம் பெற்ற உதவியாளரோ, சில திங்கள் பயில வந்த கல்லூரி மாணவியோ அம்மூலையில் இருப்பார். அவர் முன்னால் மேசை இருக்கிறதா, மேசையின்மேல் ஏடு இருக்கிறதா, அவ்வேட்டில் அவர் எழுதிய வரி ஒன்றேனும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அச்சங்கம் இன்னும் பத்தாண்டில் எந்நிலையில் இருக்கும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். நாம் கண்ட பல இடங்களில் மேசை இல்லை. கால் ஆடும் நாற்காலி ஒன்று உண்டு. அதில் அமர்ந்தவர், நாம் உள்ளே நுழைந்ததும் எழுந்து தேநீர் வாங்கிவர ஓடுகிறார்.

நாமும் அவ்வாறு ஓடியவர்தாம். பட்டம் பெற்று, தேர்வெழுதி, பணியில் சேர்ந்து, பயிற்சிக்கென ஒரு சங்கத்துக்கு அனுப்பப்பட்டபோது பழைய ரசீதுப் புத்தகங்களை ஆண்டுவாரியாகக் கட்டி அடுக்கும் வேலையே நமக்குக் கிடைத்தது. இறுதி நாளில் ‘பயிற்சி திருப்திகரமாக நிறைவுற்றது’ என்று சான்று தந்தனர். கட்டும் முடிச்சு மட்டும் இன்றும் நமக்கு நன்றாக வரும். பின்னர் முதன்முறையாகத் தனியே ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்க்கச் சென்றோம். பேரேடும் நாள்வழியும் ஒத்துவராமல் பிற்பகல் முழுவதும் விழித்துக்கொண்டிருந்தோம். ஓய்வு பெறும் வயதிலிருந்த குமாஸ்தா ஒருவர் விளக்கேற்றும் நேரத்தில் அருகில் வந்து அமர்ந்தார். “ஐயா, கூட்டிப் பார்த்தது போதும், இனி ரசீதைப் பாருங்கள்” என்றார். ஆய்வுக்கு வந்த அலுவலருக்கு ஆய்வுக்குள்ளான சங்கத்துக் குமாஸ்தா பாடம் சொன்னது முறையா என்பது வேறு விஷயம். அந்த மாலை இல்லையேல் நாம் இப்பணியில் நிலைத்திருப்போமா என்பது ஐயமே. அவ்வாறு இரங்கி வந்து சொல்லித்தரும் பெரியவர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தற்செயலாகக் கிடைக்கும் இரக்கத்தை நம்பி ஒரு தலைமுறையைத் தயாரிக்க இயலாது என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

தறிவீட்டில் ஒருவர் தொழில் பழகும் முறையை நெசவாள உறுப்பினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதலில் தார் சுற்றுவார். பின்னர் அறுந்த இழையைப் பிணைக்கப் பழகுவார். அதன்பின் பெரியவர் உணவுண்ண எழும் நேரத்தில் தறியில் அமர்ந்து நான்கு விரற்கடை நெய்வார். அது சரியில்லையெனில் பெரியவர் வந்து பிரித்துவிடுவார். இரண்டு சொல் வைவதும் உண்டு. ஆனால் பிரித்து மீண்டும் நெய்யத்தக்க இடத்தில்தான் பிழை செய்ய விட்டிருப்பார், முந்தானையில் விடமாட்டார்.

இம்முறையை வானளாவப் புகழ்வதும் நம் நோக்கமன்று. காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டில் கரைக்குரிய நாடாவை மறுபுறம் இருந்து செலுத்தத் துணையாள் ஒருவர் வேண்டும். அவ்விடத்தில் சிறுவரை அமர்த்தி, அவர்கள் பள்ளியை இழந்து ஆண்டுக்கணக்கில் துணையாளாகவே கிடந்த காலம் ஒன்று இருந்தது. 1986ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பின்னரும் அவ்வழக்கத்தை ஒழிப்பதற்கு நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. துணைக்கு வந்தவரைத் துணையாளாகவே வைத்துக்கொள்ளும் ஆசை தறிக்குழியோடு நின்றுவிடவில்லை. சங்க அலுவலகத்திலும் அது உண்டு. பயில வந்தவர் குறைந்த செலவில் கிடைத்த கை என்று எண்ணப்படுகிறார். 1961ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் தன்கீழ்ச் சேர்க்கப்பட்ட பயிலுநருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கவேண்டும் என்று விதிக்கிறது. அச்சட்டத்துக்கு வெளியே ‘அனுபவம் கிடைக்கும், வாருங்கள்’ என்று அழைத்துவரப்பட்டவருக்குப் பேருந்துக் கட்டணங்கூடத் தராத சங்கங்களை நாம் அறிவோம். அனுபவமாவது கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை.

நம் சரகத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் நடந்ததைச் சொல்வோம். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரிடம் நூல் இருப்புப் பதிவேட்டைத் தந்து, கொடுத்த நூலின் எடையையும் வந்த துணியின் எடையையும் ஒப்பிட்டு, அனுமதித்த கழிவுக்குமேல் குறைந்தால் கூலியில் பிடிக்கவேண்டும் என்று சொல்லி வைத்தனர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகை அடைமழையில் 10 கிலோ நூல் பெற்றுச் சென்ற முதியவர் ஒருவர், இடையில் நோயுற்றுத் தறி நின்றதனால், மாசி மாதத்தில்தான் துணியைக் கொண்டுவந்தார். எடையில் கழிவு போக ஏறத்தாழ 300 கிராம் குறைவு. இளைஞர் பதிவேட்டில் ‘குறைவு’ என்று சிவப்பு மையால் எழுதிக் கூலியைப் பிடித்துவிட்டார்.

முதியவர் பணத்துக்காகச் சினக்கவில்லை. “தம்பி, நாற்பது வருஷமாக இந்தச் சங்கத்து நூலை நெய்கிறேன். மழையில் கொடுத்த நூலும் வெயிலில் வந்த துணியும் ஒரே எடை நிற்குமா? பஞ்சு தண்ணீர் குடிக்கும் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் நூல் வாங்க வரவில்லை.

முதியவர் சொன்னது அனுபவமும் ஆகும், அறிவியலும் ஆகும். முற்றும் உலர்ந்த பருத்தியின் எடை 100 என்று கொண்டால், இயல்பான காற்றில் அது 8.5 பங்கு ஈரத்தை ஏற்றிருக்கும் என்பது நூல் வணிகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அடைமழையில் இது மேலும் கூடும். வறண்ட நாளில் நன்கு குறையும். 10 கிலோவில் 300 கிராம் மாறுவது வியப்பன்று. இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். இழையெண்ணையும் சிட்டத்தையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் பத்து நிமிடம் ஆகலாம். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டமோ அதுவே நூலின் எண். ஆகவே ஐயம் எழுந்தால் எடையை மட்டும் நம்பாமல் சிட்டத்தை எண்ணிக் கொடுக்கலாம், துணியில் இழையை எண்ணிச் சரிபார்க்கலாம். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தியதன் விளைவாக ஒரு நல்ல உறுப்பினர் திருடர் என்று பதிவேட்டில் எழுதப்பட்டார். பிழை அவ்விளைஞருடையது என்று நாம் கருதவில்லை. அவரை அழைத்துக்கொண்டு செயலாளர் முதியவர் வீட்டுக்குச் சென்றதும், பிடித்த கூலியைத் திருப்பித் தந்ததும், அன்று முழுவதும் அவரைத் தறியருகே அமர்த்தி வைத்ததும் பின்னர் நிகழ்ந்தவை. முதல் நாளே செய்திருக்கவேண்டிய பயிற்சி அது.

வேளாண்மைக் கடன் சங்கத்திலும் இதுவே கதை. தமிழ்நாட்டில் 2009 முதல் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் திருப்பிச் செலுத்தும் விவசாயிக்கு வட்டி இல்லை. கெடு தப்பினால் வட்டி உண்டு. 60,000 ரூபாய்க் கடனுக்கு 7 விழுக்காட்டில் ஓராண்டு வட்டி 4,200 ரூபாய். கெடு நாளன்று மாலை பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு ‘வரவை நாளை எழுதிக்கொள்ளலாம்’ என்று ஒரு புதியவர் நினைத்தால் அந்த விவசாயியின் கதி என்ன? ரசீதில் போடும் தேதி ஒருவருடைய நெல் மூட்டைகளுக்குச் சமம் என்பதை எந்த வகுப்பறையிலும் உணர்த்த முடியாது. பணம் கட்ட வந்தவரின் கைகளைப் பார்த்து உணரவேண்டும்.

இனி நாம் மிகவும் அஞ்சுகிற விஷயத்துக்கு வருகிறோம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இன் 81ஆம் பிரிவின்கீழ் நடந்த ஒரு விசாரணையின்போது, நகைக்கடன் அட்டைகளில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் ஒரே கையெழுத்து வரிசையாக இருக்கக் கண்டோம். அழகான, பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து. அவர் பணியில் சேர்ந்த முதலாண்டில் போட்டவை அவை. பொட்டலங்களைத் திறந்தபோது சிலவற்றில் இருந்தது பொன் அன்று.

“நகையைப் பார்த்தீர்களா?” என்று கேட்டோம்.

“இல்லை ஐயா. போடச் சொன்னார்கள், போட்டேன். எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள் என்றார்கள்.”

உரைகல்லைத் தொட்டறியாதவர், கல் எடையைக் கழித்து நிகர எடை காண்பது எவ்வாறு என்று சொல்லப்படாதவர். ஆயினும் 87ஆம் பிரிவின் தண்டத்தீர்வை, கையெழுத்து எத்தனை வயதில் போடப்பட்டது என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. அவருடைய பெயரையும் நடவடிக்கைப் பட்டியலில் எழுதவேண்டிய கடமை நமக்கு நேர்ந்தது. எழுதினோம். அவருடைய தந்தை அலுவலக வாயிலில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. யார் குற்றவாளி என்பதை உரிய மன்றம் கூறும். நாம் கூறுவது முறையன்று. ஆனால் பயில வந்த ஒருவருக்குச் சங்கம் கற்பிக்கவேண்டிய முதற்பாடம் கணக்கெழுதுவது அன்று என்பது அன்று முதல் நம் உறுதியான கருத்து. தான் காணாததற்குக் கையெழுத்திட மறுக்கலாம், மறுத்தால் தன் வேலை போகாது என்பதே முதற்பாடம். இதைச் செயலாளர் சொன்னால் மட்டும் போதாது. நிர்வாகக் குழு எழுத்தில் தரவேண்டும்.

‘வேலை நெருக்கடியில் கற்பிக்க நேரம் ஏது?’ என்று செயலாளர்கள் வினவுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஓரிருவரே சுமக்கும் சங்கத்தில் கற்பிப்பது ஒரு பளுவே. எனினும் 1844இல் ராச்டேல் நகரத்தில் கடை தொடங்கிய 28 பேரை எண்ணிப் பார்க்கிறோம். அவர்களில் நெசவாளரும் இருந்தனர்; வறுமையில் உழன்றவர். அவர்கள் நிறுவிய சங்கம் சில ஆண்டுகளிலேயே தன் உபரியில் 2.5 விழுக்காட்டைக் கல்விக்கென ஒதுக்கியது. நாமும் நிகர லாபத்தில் கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பங்கு செலுத்துகிறோம். காசோலையை அனுப்பியதோடு கல்விக் கடமை தீர்ந்தது என்று எண்ணி, நம் மூலையில் அமர்ந்திருப்பவரை மறந்துவிடுகிறோம்.

கற்பிப்பது ஒருவழிப் பாதையும் அன்று. 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. கணினி வந்து இறங்கிய சங்கங்களில் பெரியவர்கள் திகைத்து நிற்க, பயில வந்த பெண்ணே விசைப்பலகையைத் தட்டிக் காட்டியதை நேரில் கண்டோம். முப்பதாண்டு அனுபவமுள்ள ஒருவர் அப்பெண்ணிடம் “அம்மா, இதை இன்னொருமுறை காட்டு” என்று கேட்டார். அச்சங்கத்தில் அப்பெண்ணுக்கு நகைக்கடனும் பயிர்க்கடனும் பழுதறக் கற்பிக்கப்பட்டிருந்தன. வேறொரு சங்கத்தில், இளையவரிடம் கேட்பதை இழிவெனக் கருதிய பெரியவர், கணினியின் மீது துணி போர்த்தி வைத்திருந்தார். துணி என்னவோ நல்ல கைத்தறித் துணிதான்.

பெண்களைப் பற்றிச் சொன்னதனால் மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். பயில வருவோரில் பெண்கள் பெருகியுள்ளனர். கழிப்பறை இல்லாத சங்கக் கட்டடங்களோ இன்னும் உள்ளன. காலை முதல் மாலை வரை தண்ணீர் அருந்தாமல் அமர்ந்திருப்பவரிடம் கூட்டுறவுத் தத்துவத்தைப் பேச நமக்கு நா எழவில்லை.

உறுப்பினர்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ணவேண்டாம். புதியவரைத் தறிவீட்டுக்கும் வயலுக்கும் அழைத்துச் செல்ல உங்களால்தான் முடியும். அவர் ரசீதில் தடுமாறினால் வரிசையில் நின்று முணுமுணுக்காமல் சற்றுப் பொறுத்திருக்கலாம். மகாசபைக் கூட்டத்தில் பங்காதாயம் எத்தனை என்று கேட்கும் குரல், இவ்வாண்டு பயில வந்தவர் யார், அவருக்குப் பொறுப்பான பெரியவர் யார், அவர் எந்தெந்த ஏட்டைத் தானே எழுதினார், பார்க்காததில் கையெழுத்திட்டாரா என்றும் கேட்கலாம்.

நாமும் நம் சரகத்துச் சங்கங்களில் அடுத்த ஆய்வின்போது இவற்றைக் கேட்கவிருக்கிறோம். பொறுப்பாளரின் பெயரை இப்போதே தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பது நலம். தேநீரை நாமே வரும் வழியில் அருந்திவிட்டு வருகிறோம்.