காற்று வந்தது, கம்பி வரவில்லை

"காற்றாலையை நம்பி ராஜ்யம் நடத்த முடியுமா, சார்?" என்று படித்த மனிதர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏதோ காற்று நம்மிடம் கடன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டதைப் போலப் பேசுகிறார்கள். அது பாவம், வருஷா வருஷம் வைகாசியில் வந்து புரட்டாசி வரை வீசிவிட்டுத்தான் போகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்ற நாலு கணவாய்களில் அது எப்போது நுழையும் என்பது ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். தெரியாதவர்கள் மாதிரி இருந்தவர்கள் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தாம்.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஏரி வெட்டியவன் மதகையும் வாய்க்காலையும் சேர்த்தேதான் யோசித்தான். நாம் என்ன செய்தோம்? 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகளை நட்டுப் பார்த்தோம். பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று அவை காடாக வளர்ந்தன. முதல் வருஷத்திலேயே யந்திரத்தின் விலை முழுவதையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரியில் சலுகையும் கொடுத்தார்கள். ஆகவே மில் முதலாளிகள் மார்ச் மாதம் முடிவதற்குள் கோபுரத்தை நிறுத்திவிட அவசரப்பட்டார்கள். நியாயந்தானே! சலுகை கோபுரத்துக்கு, கம்பிக்கு அல்ல.

கம்பியோ கிராமத்துப் பம்புசெட்டுக்கும் நாலு தெருவிளக்குக்கும் போட்டது. ஊருக்குள் மின்சாரம் கொண்டுவரப் போட்ட அந்த மெல்லிய கம்பியில், ஊரிலிருந்து வெளியே மின்சாரத்தைத் தள்ளச் சொன்னோம். போதாததற்கு, அந்தக் காலத்துக் காற்றாலைகள் மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால், தம் காந்தத்தை உண்டாக்கிக்கொள்ளக் கம்பியிலிருந்தே ஒருவகை மின்சாரத்தைக் கடன் கேட்கும். நீண்ட கம்பியின் கடைசியில் நூறு யந்திரங்கள் ஒரே சமயத்தில் கடன் கேட்டால் அங்கே மின்னழுத்தம் சரியும். காவல் கருவி இணைப்பைத் துண்டிக்கும். காற்று வீச, இறக்கை நிற்கும்.

2012-இல் தமிழ்நாட்டில் நின்றிருந்த காற்றாலைகளின் திறன் சுமார் 7,000 மெகாவாட். அதே 2012-இல்தான் மதுரையிலும் கோயமுத்தூரிலும் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. சென்னைக்கு இரண்டு மணி. பெரிய ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு. அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் அந்த வருஷம் டீசல் வாங்கியே தேய்ந்தார். கடைசலில் பாதி நிற்கும்போது கரண்ட் போனால் அந்த உருப்படியே பாழ் என்பார். மில்காரருக்கு முப்பந்தலில் சொந்தக் காற்றாலை உண்டு; அங்கே ஆடியில் ஓடியதைக் கணக்கில் வைத்துத் தையில் எடுத்துக்கொள்ளச் சட்டமும் உண்டு. ஐந்து பேரை வைத்து வேலை வாங்குகிறவருக்கு என்ன உண்டு? மெழுகுவத்தி.

'எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்றுக்கும் அம்பத்தூருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். மின்சாரம் முகவரி பார்த்து வருவதில்லை. பொதுக் குளத்தில் கலக்கிறது. தெற்கே அடைபட்டால் வடக்கே குளம் வற்றும். ஆவடிக்கு அப்பால் அலமாதியில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. வாங்குகிற இடத்தில் அகன்ற வாய்; கொடுக்கிற இடத்தில் அடைத்த தொண்டை!

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது, 'நம் தென்னகம் தப்பியது' என்று மார்தட்டினோம். தப்பியதற்குக் காரணம், நம் மின்தொகுப்பு அவர்களுடையதோடு சேர்ந்து ஓடாததுதான். அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக் காற்றில் மிஞ்சியதைத் தாராளமாக வெளியே விற்க முடியாமல் போனதற்கும் அதுவே ஒரு காரணம். ராய்ச்சூர் - சோலாப்பூர் கம்பி வழியாக இரண்டும் இணைந்தது 2013 டிசம்பர் 31-இல். தேனிப் பக்கம் தப்பகுண்டிலும், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறிலும் காற்றாலைக்காகப் பெரிய துணைமின் நிலையங்கள் எழுந்தபோது, முதல் காற்றாலை சுழன்று கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

காற்று திடீரென்று விழும், நள்ளிரவில் தேவையில்லாமல் எழும் என்பதெல்லாம் மெய். இல்லையென்று சொல்ல நான் யார்? ஆனால் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்குச் செய்து காட்டியிருக்கிறோம். அதற்கடுத்த குந்தா திட்டம் வருஷக்கணக்கில் இழுபட்டதற்கும் காற்றா குற்றவாளி? 2010-ஆம் வருஷத்து விதிமுறையே காற்று மின்சாரத்தைத் தட்டாமல் வாங்கிக்கொள்ளச் சொன்னது. விதி காகிதத்தில் இருந்தது. 'நிறுத்து' என்ற உத்தரவு டெலிபோனில் போயிற்று.

இப்போது ஏன் இந்தப் பழங்கதை என்றால், பழைய காற்றாலைகளைப் பிடுங்கிப் புதியவை நட 2024-இல் சர்க்கார் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. 250 கிலோவாட் யந்திரம் நின்ற மண்ணில் 2,000, 3,000 கிலோவாட் யந்திரம் வரும். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் அதே கம்பியிலா? ஒவ்வொரு துணைமின் நிலையத்திலும் இன்னும் எத்தனை மெகாவாட்டுக்கு இடம் இருக்கிறது, புதுக் கம்பி எந்த வருஷம் எந்த மாதம் வரும் என்று வாசலில் எழுதி ஒட்டட்டும். ஒட்டிய பிறகு கோபுரத்துக்கு அனுமதி கொடுக்கட்டும்.