பட்சியும் காமிராவும்

சென்ற வாரம் வந்த கடிதங்களுள் ஒன்று, படித்து முடித்த பிறகும் நமது மேஜையின் மீதே கிடக்கிறது. எழுதியவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அன்பர். மனைவியை இழந்து எட்டு மாதங்கள் ஆகின்றனவாம். மகன் வாங்கிக் கொடுத்த காமிராவுடன் அதிகாலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் பட்சிகளைப் படம் பிடிக்கிறார். அந்த இரண்டு மணி நேரந்தான் மனத்தின் பாரம் சற்றுக் குறைகிறதாம். "வருஷாப்திகங்கூட ஆகவில்லை, அதற்குள் இவருக்கு ஒரு பொழுதுபோக்கா என்று பந்துக்கள் பேசுகிறார்கள். நான் செய்வது தவறா?" என்று கேட்கிறார்.

சாஸ்திரம் பார்த்துப் பதில் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் இரண்டு மனிதர்களின் வரலாறு நமக்குத் தெரியும்.

முதலாமவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி. அவர் 1918-ல் தெஹ்மினா என்னும் பெண்மணியை மணந்தார். சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுக்கக் காடு மேடெல்லாம் அலைந்த நாட்களில், அந்த அம்மையாரும் முகாம் வாழ்க்கையின் கஷ்டங்களைப் பொருட்படுத்தாமல் உடன் சென்றார். 1939-ல் ஒரு சிறிய ரண சிகிச்சை. அதைத் தொடர்ந்து அவர் காலமானார். குழந்தைகள் இல்லை. சலீம் அலி பம்பாயில் தம் சகோதரியின் வீட்டில் போய்த் தங்கினார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. பறவைகளை மட்டும் விடவில்லை. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய பிரசித்தமான புத்தகம் 1941-ல் வெளிவந்தது. துக்கம் நேர்ந்து இரண்டே வருஷம்! அவருடைய பந்துக்கள் என்ன சொன்னார்களோ, நாம் அறியோம்.

இரண்டாமவர் லோக் வான் தோ, மலாயாவில் பிறந்த சீனச் செல்வர், சினிமா தியேட்டர்களின் அதிபர். 1942 பிப்ரவரியில் யுத்தத்துக்குத் தப்பிச் சிங்கப்பூரிலிருந்து அவர் ஏறிவந்த கப்பலின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. உடலெங்கும் தீக்காயம்; சில காலம் கண் பார்வையும் போயிற்று. ஊரையும் உடைமையையும் விட்டு அகதியாக இந்தியாவுக்கு வந்த இடத்தில் அவருக்குச் சலீம் அலியின் நட்புக் கிடைத்தது. மனைவியை இழந்தவரும், கண்ணை இழந்து மீண்டும் பெற்றவருமாக இருவரும் பறவைகளைத் தேடிச் சேர்ந்து திரிந்தார்கள். 1957-ல் லோக் தம் பறவைப் படங்களுடன் ஒரு நூலே வெளியிட்டார். 1964-ல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மாளும் வரையில் அந்த நட்பு நீடித்தது.

பறவையைப் படம் பிடிப்பதென்பது அந்தக் காலத்தில் எளிய காரியமன்று. கூட்டிலிருந்து வெகு தூரத்தில் ஒரு சிறு துணிக் கூடாரம் அடிக்க வேண்டும். நாளுக்குக் கொஞ்சமாக அதைக் கூட்டின் பக்கம் நகர்த்த வேண்டும். பிறகு உள்ளே புகுந்து, வியர்வை வழிய, கொசு கடிக்க, அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். பறவைக்கா சந்தேகம் தீராது! அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. கூடாரத்துக்குள் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் மட்டும் வெளியே வந்து, பறவை பார்க்கும்படியாக நடந்து போய்விடுவார். பறவைக்குக் கணக்குத் தெரியாது. எல்லோரும் போய்விட்டார்கள் என்று எண்ணிக் கூட்டுக்குத் திரும்பிவிடும். உள்ளே தனித்திருப்பவர் கண்ணைத் திறந்துகொண்டு காத்திருப்பார்.

இந்த இடத்தில் நம் அன்பருக்கு என்ன தோன்றும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

படம் பிடிப்பவர் துக்கத்தை மறந்துவிட்டார் என்று பந்துக்கள் நினைப்பது சரியன்று. வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடக்கும்போது நினைவு நம்மையே சுற்றிச் சுற்றி வருகிறது. பறவைக்காகக் காத்திருக்கும்போதோ, நினைவு பக்கத்தில் இருக்கும். கண் மட்டும் வெளியே இருக்கும். இரண்டும் ஒரு மனிதனுக்குள் ஒரே சமயத்தில் இருக்கக் கூடியவைதான்.

ஆகையால் அவர் ஏரிக்கரைக்குத் தாராளமாகப் போகட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் நாம் கண்டிப்பாக இருக்கிறோம். அவர் மனைவி வைத்து வளர்த்த மல்லிகைக் கொடியில் ஒரு தேன்சிட்டு கூடு தொங்கவிட்டிருக்கிறதாம். வெளிச்சம் போதவில்லையென்று இரண்டு கிளைகளை வெட்டலாமா என்றும் கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறார். கூடாது, ஐயா! அந்த மறைவை நம்பித்தானே அது அங்கே கட்டியிருக்கிறது? கிளையை நீக்கினால் வெயிலும் வரும், காக்கையும் வரும். பளிச்சென்று விளக்குப் போட்டு எடுப்பதும் வேண்டாம். சற்றுத் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலை வெயில் கொடிக்குள் சாய்ந்து விழும் நேரத்துக்காகக் காத்திருங்கள். கூட்டின் வாசலுக்கு மேலே சிறு தாழ்வாரம்போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழிருந்து அலகு எட்டிப் பார்க்கும். தேன்சிட்டு அடைகாப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். கடிதத்தின் தேதியைப் பார்த்தால் குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது. படம் நன்றாக வந்தால் நமக்கு ஒரு பிரதி அனுப்பவும். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.