குப்பிக்குள் எந்த ஆராய்ச்சி?

அமெரிக்காவில் அனைவருக்கும் அரசே ஒரே காப்பீட்டைத் தந்து, மருந்து விலையையும் பேரம் பேசிக் குறைத்தால் ஆராய்ச்சி செத்துவிடும், நோயாளிகள் கனடாவைப் போல வரிசையில் வாடுவார்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். பணம் உள்ளவர் மட்டும் பிழைக்கும் ஏற்பாட்டுக்கு அறிவியலின் பெயரால் கேட்கப்படும் வக்காலத்து இது.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடித்த குழுவின் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923இல் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். லில்லி மருந்து நிறுவனத்தின் ஹூமலாக் இன்சுலின் 1996இல் வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். 2019இல் சுமார் 275 டாலர். அதே மருந்து, அதே அளவு. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் குப்பிக்குள் எந்த ஆராய்ச்சி புகுந்தது?

2018ஆம் ஆண்டு விலைகளை ராண்ட் ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டது. இன்சுலினின் சராசரி விலை அமெரிக்காவில் 98.70 டாலர், கனடாவில் 12 டாலர். தள்ளுபடி போனால் அமெரிக்க விலை இவ்வளவு இல்லை என்று வாதிடுவார்கள். அந்தத் தள்ளுபடி காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடைத்தரகர்களுக்கும் போகிறது. காப்பீடு இல்லாதவர் மருந்துக்கடையில் முழு விலையையும் எண்ணி வைக்க வேண்டியிருந்தது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நீரிழிவு மையத்தில் விசாரித்தபோது, நான்கில் ஒருவர் செலவுக்கு அஞ்சி இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொண்டது தெரிந்தது. இன்சுலினைக் குறைப்பது உயிரோடு விளையாடுவது. கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது யார் என்பதையும் அவர் மறைக்கிறார். 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற 210 புதிய மருந்துகள் ஒவ்வொன்றின் பின்னாலும் அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நிதியளித்த ஆய்வு இருக்கிறது. வரி கட்டிய மக்களின் அரசு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் மருந்துகளுக்குப் பேரம் பேசக் கூடாது என்று 2003இல் சட்டமே போட்டார்கள். அந்தத் தடை 2022இல்தான் தளர்ந்தது, அதுவும் சில மருந்துகளுக்கு மட்டும்.

கனடாவில் மூட்டு மாற்று அறுவைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உண்மைதான், அந்நாட்டு அரசுகள் வெட்கப்பட வேண்டிய குறை. ஆனால் அமெரிக்காவில் 2023இல் காப்பீடே இல்லாதவர்கள் ஏறத்தாழ 2.6 கோடி பேர். அவர்களில் பலரை வரிசைக்கே வரவிடாமல் தடுத்துவிட்டு, வரிசை சிறியது என்று பெருமை பேசுவது அநியாயம். கனடாவைவிடப் பொருளாதாரத்தின் பெரும்பங்கை மருத்துவத்தில் கொட்டியும், அமெரிக்கர்களின் சராசரி ஆயுள் சுமார் மூன்று ஆண்டு குறைவு.

2023இல் மெடிகேர் முதியோருக்கு இன்சுலின் செலவு மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஹூமலாக் விலையை 70 விழுக்காடு குறைப்பதாக லில்லி அறிவித்தது. அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. ஆனால் 26 வயதில் பெற்றோரின் காப்பீட்டிலிருந்து வெளியேற்றப்படும் இளைஞருக்கு அந்த 35 டாலர் விதி இன்றும் பொருந்தாது.