வானில் ஐந்து மணி, தரையில் எட்டு மணி

தோஹாவிலிருந்து கட்டுநாயக்கா சுமார் 3,600 கிலோமீற்றர். ஐந்து மணித்தியாலப் பறப்பு. அங்கிருந்து கல்முனை நேர்கோட்டில் 215 கிலோமீற்றர்தான். மலைநாட்டைத் தாண்டும் வீதியிலோ ஏழெட்டு மணித்தியாலம் போய்விடும். புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது.

உம்மா மௌத்தானாள் என்று கேட்டவுடன் விமானமேறும் மகனுக்காக ஜனாஸாவை நெடுநேரம் வைத்திருப்பது எங்கள் வழக்கமல்ல. அவன் மஹியங்கனையைக் கடக்கையில் அடக்கம் முடிந்துவிட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றரில் இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையத்தை 2018இல் சிவில் சேவைக்குத் திறந்தார்கள். வளைகுடாவின் பெரிய விமானங்கள் அங்கே இறங்கவேண்டுமென்று நான் கேட்கவில்லை, ஓடுபாதை போதாது. கட்டுநாயக்காவிலிருந்து, சாரதி வேலை பார்ப்பவனும் கொடுக்கக்கூடிய கட்டணத்தில், நாளுக்கொரு சிறுவிமானம் விடலாமே! அவனனுப்பும் அந்நியச் செலாவணியை எண்ணத் தெரிந்த அரசாங்கம், அவன் மூன்று பிடி மண் போடவும் வழிவிட வேண்டாமா?