மூன்று நிறுவை, நான்கு பிரதி

தெமோதரை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் பறித்த கொழுந்தை ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நிறுப்பார்கள். தொழிலாளரின் வருகை, சம்பளப் பதிவேடான செக்ரோலைக் கணினிக்கு மாற்றும் எவருக்கும் முதலில் தோன்றும் வடிவமைப்பு இதுதான்: காலையில் ஆளுக்கொரு நிரை, ஒவ்வொரு நிறுவைக்கும் அதே நிரையில் கிலோவைக் கூட்டுவது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அந்த நிரையின் மேலேயே திருத்தாது. புதுப் பிரதியை எழுதிவிட்டுப் பழையதை அப்படியே கிடக்க விடும். மூன்றாம் நிறுவை முடிகையில் உயிரோடு இருப்பது ஒன்று, செத்தது மூன்று.

செத்ததை அள்ள ஆட்டோவாக்யூம் இருக்கிறது. இயல்பு அமைப்பில் 50 செத்த நிரைகளோடு அட்டவணையின் 20 விழுக்காடும் சேர்ந்தால்தான் அது எழும்பும். ஊவாவில் பல தோட்டங்களை நடத்தும் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 தொழிலாளர், ஆண்டுக்கு 300 நாள், நான்கு ஆண்டுப் பதிவு என்றால் 1 கோடி 20 இலட்சம் நிரைகள். நாளொன்றுக்கு 30,000 செத்தாலும் 24 இலட்சம் சேர 80 நாள் பிடிக்கும். அதற்குள் மூன்று சம்பளம் போட்டாகிவிடும்!

ஆட்டோவாக்யூமுக்குக் காத்திராமல், ஹாட் எனப்படும் வசதி பக்கத்துக்குள்ளேயே இடத்தை மீட்டுத் தரும். அதற்குப் பக்கத்தில் இடம் இருக்க வேண்டும் (ஃபில்ஃபாக்டரைக் குறைத்தால் அது எளிது), திருத்தும் நெடுவரிசையில் இன்டெக்ஸ் இருக்கக் கூடாது. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைத்தோட்டத்துச் செயலிகளோ கடைசியாகத் திருத்திய நேரத்தை வைத்தே தரவை ஒத்திசைக்கும். அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் போட்ட கணமே ஹாட் போயிற்று.

இது தேயிலைக்கு மட்டும் வந்த சிக்கலன்று. 2020 ஜனவரியில் இலங்கையில் கொவிட் கண்காணிப்புக்காக அவசரமாகக் கட்டப்பட்ட டிஎச்ஐஎஸ் 2 சுகாதாரத் தகவல் அமைப்பும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மேல்தான் நின்றது. ஒரே ஆளின் பதிவைத் திரும்பத் திரும்பத் தொடும் எந்த அமைப்பிலும் இதே கதைதான்.

சேவையகம் திணறியதும் ஆட்டோவாக்யூமை நிறுத்தி வைக்கும் பழக்கம் நம் துறையில் இன்னும் உண்டு. துப்புரவு பின்தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவை 2019 பெப்ரவரியில் ஒரு நாளுக்கும் மேல் தடுமாறியதற்குக் காரணம், எழுத்துச் சுமைக்கு ஆட்டோவாக்யூம் ஈடுகொடுக்க முடியாமல் பரிவர்த்தனை எண்கள் தீர்ந்துபோனதுதான். ஆட்டோவாக்யூம் வேலையாட்களை 3-இலிருந்து 6 ஆக்கினால் மட்டும் வேகம் கூடாது. 200 என்ற செலவு வரம்பை அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்வார்கள். வரம்பையும் உயர்த்த வேண்டும்.

செக்ரோல் அட்டவணைக்கு மட்டும் 20 விழுக்காடு என்ற விகிதத்தைச் சுழியமாக்கி, 50 என்ற தொடக்க எண்ணிக்கையை 20,000 என்று வைத்தால் தினமும் துப்புரவு நடக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நான்கு ஆண்டு இன்டெக்ஸையும் புரட்ட நேரலாம். மாதவாரியாகப் பிரிப்பதே மேல்: மாதத்துக்கு 2,50,000 நிரைகள்தான், இயல்பு அமைப்பிலேயே இரண்டு நாளைக்குள் ஆட்டோவாக்யூம் வந்துவிடும். தாய் அட்டவணையின் புள்ளிவிவரத்தை மட்டும் அது புதுப்பிக்காது. சம்பளக் கணக்கு ஓடும் முன் அனலைஸ் கட்டளையை நாமே கொடுக்க வேண்டும்.