பன்னிரண்டு எழுத்தில் அடங்காத பெயர்

ஜப்பானின் அகாய் நிறுவனம் 1988-ல் எஸ்1000 என்ற சாம்ப்ளரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளியே கேட்கும் எந்த ஓசையையும் உள்வாங்கி, நறுக்கி, விரல் தொட்டதும் ஒலிக்கும்படி ஆக்கித் தரும் கருவிதான் சாம்ப்ளர். எவ்வளவு சத்தம் வந்தால் பதிவு தொடங்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். முதல் அடி விழுந்ததும் கருவி தானே பதியத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வெட்டும் வேலை. முன்னால் நிற்கும் வெற்றிடத்தை நீக்க வேண்டும். ஆனால் மயிரிழை அதிகமாக நீக்கினாலும் குச்சி தோலைத் தொடும் அந்த முதல் உரசல் போய்விடும்; ட்ரம்ஸின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கடைசியில், அலை அடங்காத இடத்தில் வெட்டினால் 'டிக்'கென்று ஒரு துண்டு ஓசை ஒட்டிக்கொள்ளும். கருவியோடு வந்த மெமரி 2 எம்பி. ஒற்றைத் தடத்தில் 24 வினாடிக்குக்கூட வராது. மின்சாரத்தை நிறுத்தினால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துபோகும் என்பதால் ஃப்ளாப்பியில் சேமித்தே ஆக வேண்டும். அப்படிச் சேமிக்கும் ஒலிக்குக் கருவி தந்த பெயரிடம் 12 எழுத்து. 'கிக் 1', 'ஸ்நேர் 4' என்று எழுத அது தாராளம். அடித்தவர் யார் என்று எழுத அதில் இடமில்லை. மெமரி தங்கம் விலை விற்ற காலத்தில் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் மெமரி மலிந்து எத்தனையோ வருடமான பிறகும் அந்தச் சிக்கனம் பழக்கமாகவே தங்கிவிட்டது. ஓர் ஒலியைச் சேமிப்பவர் அதை வாசித்தவரின் பெயரையும் கூடவே சேமிக்க வேண்டும், அது தொழிலின் கட்டாய வழக்கமாக வேண்டும் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

பெயர் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு க்ளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதையே போதும். 1969 நவம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜேம்ஸ் பிரவுன் குழு 'ஃபங்கி ட்ரம்மர்' என்ற பாட்டைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு அது வெளிவந்தது. ஓரிடத்தில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ட்ரம்ஸ் மட்டும் சில வினாடிகள் தனியாக நடக்கும். அடித்தவர் ஸ்டபிள்ஃபீல்ட். பாட்டின் தலைப்பிலேயே ட்ரம்மர் இருக்கிறார்; ஆக்கியவராகப் பதிவானது ஜேம்ஸ் பிரவுன். 1987-ல் ஈமு நிறுவனத்தின் எஸ்பி-1200 சாம்ப்ளர் வந்தது. 12 பிட் கருவி. பதிய முடிந்தது மொத்தமாகப் பத்து வினாடி, ஒரு துண்டுக்கு அதிகபட்சம் இரண்டரை வினாடி. இந்த நெருக்கடிக்குள் நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட விட்டுப் பதிந்தார்கள். பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பத்து வினாடி இடத்தில் பதின்மூன்றரை வினாடி இசை அடங்கியது. இப்படி இறக்கும்போது ஒலியில் சேரும் கரகரப்பையே பிற்காலத்தவர் அழகென்று தேடிப் போனார்கள். இப்படிப்பட்ட கருவிகள் பரவிய அந்த நாட்களில்தான் ஸ்டபிள்ஃபீல்டின் தாளம் பப்ளிக் எனிமியின் 'ஃபைட் த பவர்' (1989), எல்எல் கூல் ஜேயின் 'மாமா செட் நாக் யூ அவுட்' (1990) என்று பாட்டுக்குப் பாட்டு ஏறியது. உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட தாளங்களில் அது ஒன்று. அவருக்கு ராயல்டியும் வரவில்லை, பெயரும் போடப்படவில்லை. இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2017-ல் அவர் மறைந்தார்.

அதே 1969-ல் த வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் அடித்த ஏழு வினாடி ட்ரம்ஸ் இன்னும் வேதனையான கதை. இங்கிலாந்தின் ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அந்த ஏழு வினாடியை நறுக்கி, வேகம் கூட்டி, மாற்றி அடுக்கி உண்டானவை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. கோல்மன் 2006-ல் அட்லாண்டாவில் வறுமையில் இறந்தார். 2015-ல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு, பாட்டின் உரிமையாளரும் குழுத் தலைவருமான ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. நன்றி சொல்ல உலகம் முன்வந்தபோது, வாசித்தவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

வெட்டி ஒட்டுவதும் ஒரு கலைதானே, மூலத்தைச் சொல்லிவிட்டால் அந்தக் கலைஞனின் ரகசியம் போய்விடாதா என்று கேட்கலாம். ரகசியம் காப்பது இந்த மரபில் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், போட்டியாளர்கள் பார்த்துவிடக் கூடாது என்று இசைத்தட்டுகளின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுத்தார். அவர் நிலையில் அது நியாயம்; வேறு சொத்து அவரிடம் இல்லை. ஆனால் லேபிளை உரித்த கையோடு பாட்டின் பெயரும் வாசித்தவர் பெயரும் சேர்ந்தே போயின. 1991-க்குப் பிறகு பயமும் கூடிக்கொண்டது. அனுமதி இல்லாமல் சாம்பிள் எடுத்ததற்காக ராப் கலைஞர் பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் அந்த ஆண்டு தீர்ப்பளித்ததும், மூலத்தைச் சொல்வதே ஒப்புதல் வாக்குமூலம்போல ஆகிவிட்டது. இந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அது அடுத்தவர் இசைத்தட்டிலிருந்து எடுப்பவரின் பயம். ஒரு கலைஞரை ஸ்டுடியோவுக்கு அழைத்து, சம்பளம் கொடுத்து, ஒவ்வொரு அடியாகப் பதிந்து, தொகுப்பாக்கி விற்பவருக்கு அந்தப் பயம் கிடையாது. அவர் வாசித்தவரின் பெயரை விடுவதற்கு ஒரே காரணம், யாரும் கேட்கவில்லை என்பதுதான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. மெல்லிசைக் கச்சேரி மேடைகளில், தட்டினால் சேமித்த ஒலியை எழுப்பும் ரிதம் பேட் இல்லாத குழுவைப் பார்ப்பது அரிது. தபேலா, டோலக், பறை, உறுமி எல்லாம் அந்த ரப்பர் கட்டைகளில் இருந்தே வருகின்றன. 'டோன்' என்ற பெயரில் அந்த ஒலிகள் பென்டிரைவிலும் போனிலும் கைமாறுகின்றன. 'பறை 1', 'உறுமி லூப் 2' என்பதைத் தாண்டி அவற்றில் என்ன இருக்கிறது? 2012-ல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, நிகழ்த்துக் கலைஞர் தம் பெயரால் அறியப்படும் உரிமையைத் தெளிவாகவே தருகிறது. பயன்படுத்தும் விதத்தினால் பெயரைச் சொல்ல இயலாத இடத்துக்கு மட்டும் விலக்கு. அரை வினாடி அடி ஒன்றுக்காகப் பாட்டை நிறுத்திப் பெயர் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனால் அந்த விலக்கு பாட்டுக்குப் பொருந்தலாம், கோப்புக்குப் பொருந்தாது. கோப்பில் எழுத இடமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

பறை ஊருக்கே சொந்தம், ஒற்றை அடிக்கு ஒருவர் பெயர் எதற்கு என்ற எதிர்க்கேள்வியை நான் மதிக்கிறேன்; ஆனாலும் ஏற்க முடியவில்லை. அடவும் சொற்கட்டும் பொதுச் சொத்து. பதிவாகும் ஒலி அப்படி அல்ல. மரச்சட்டத்தில் தோலைப் புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டியவர் ஒருவர். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, இந்த இறுக்கம் போதும் என்று நிறுத்திக்கொண்டவர் ஒருவர். சிண்டுக்குச்சி தோலின் எந்த இடத்தில் விழ வேண்டும், அடிக்குச்சி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது அவர் மணிக்கட்டுக்குப் பல வருடமாகத் தெரிந்த கணக்கு. சாம்ப்ளர் பிடித்து வைப்பது பறை என்ற பொதுப்பெயரை அல்ல. அந்த மனிதரின் அந்த நேரத்து அடியை. அதைப் பெயரில்லாமல் விற்பது, பறை அடித்தவர்களை ஊர் நூற்றாண்டுகளாக நடத்திய விதத்தையே கம்ப்யூட்டருக்குள்ளும் தொடர்வதாகும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

செய்ய முடியாததா என்றால், இல்லை. பெரும்பாலான சாம்ப்ளர்கள் இன்று ஏற்றுக்கொள்ளும் வேவ் கோப்பிலேயே கலைஞர் பெயருக்கென்று தனி இடம் உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-ல் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் வடிவத்தில் விவரிப்புக்கு 256 எழுத்தும், பதிவு செய்தவர் பெயருக்கு 32 எழுத்தும், தேதிக்கும் நேரத்துக்கும் தனித்தனி இடமும் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பது அதன் குறை. ஒரு கருவி அந்தப் பகுதியைப் படிக்காமல் போகலாம், திரும்பச் சேமிக்கும்போது உதிர்த்தும் விடலாம். அதனால் அதே ஃபோல்டரில் தமிழில் ஒரு குறிப்பும் இருக்கட்டும்: வாசித்தவர், ஊர், வாத்தியம், நாள். இன்னும் எளிதான வழியும் உண்டு. மைக்கைத் திறந்ததும், முதல் அடிக்கு முன்னால், வாசிப்பவரையே தம் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லலாம். பேடில் ஏற்றும்போது அந்தப் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். குரலை மட்டும் தனிக் கோப்பாக ஃபோல்டரில் விட்டுவையுங்கள். பத்து வினாடிப் பேச்சு. எஸ்பி-1200-ல் அது மொத்த மெமரியையும் தின்றிருக்கும். இன்று ஒரு எம்பிகூட ஆகாது. ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் ரிதம் பேடில் முதன்முதலில் வந்த உள் மெமரியே 2 ஜிபி.