கணக்கு கேட்டால் துரோகியா?

என்னைத் துரோகி என்கிறார்கள். சேரியில் பிறந்து, சேரிக்குச் சோறு போட்டவனையே காட்டிக் கொடுக்கிறான் என்கிறார்கள். நான் செய்தது இவ்வளவுதான். எங்கள் பகுதியில் இருபத்தைந்து வருசமாக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டு விழாவில் எழுந்து நின்று கேட்டேன்: "இத்தன வருசத்துல எங்க பேர்ல எவ்ளோ பணம் வந்துச்சு, எதுக்கு எவ்ளோ செலவாச்சு, ஒரு தாள்ல எழுதி எங்ககிட்ட குடுங்க சார்." மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்து மாணவிகளின் நடனம் என்று அறிவித்தார்கள்.

கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை. அதனால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த ஒரு ஆளோடு போய்விடும். உங்கள் பக்கத்திலும் இப்படி ஒன்று இருக்கும். அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 2013இல் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தேன். அந்த நிறுவனத்தின் மாலை நேரப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தேன். மாதம் 5,500 ரூபாய்க்கு வவுச்சர். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போடுவேன். கையில் தருவது 3,000. மீதி எங்கே என்று கேட்டால், "அது நிறுவனத்துக்கு நீங்க தர்ற நன்கொடை" என்பார் கணக்கர். பதினாறு மாதம் போட்டேன். என் 'நன்கொடை' மட்டும் 40,000 ரூபாய். என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் பதினோரு பேர். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து 4,80,000 ரூபாய். எங்கள் பள்ளிக் கொட்டகை ஒழுகும். மழை வந்தால் ஒழுகாத மூலையாகப் பார்த்துப் பிள்ளைகளை நகர்த்தி உட்கார வைப்பேன். கீற்று மாற்றக் காசில்லை என்றார்கள்.

ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. நன்றி பாதி. கல்லூரியில் எனக்கு விடுதிக் கட்டணம் கட்டியவர் அந்த இயக்குநர்தான். அவரும் நம்மாள்தான். சைக்கிளில் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அரிக்கேன் விளக்கில் எங்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர். அதை நான் மறுத்தால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் அவர் கட்டிய பணம் யாருடைய பணம்? என் பேரைச் சொல்லி வாங்கிய பணம்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது? அலுவலக அலமாரியில் தூசி தட்டும்போது ஒரு பழைய ஆங்கில ஆண்டறிக்கை கிடைத்தது. உள்ளே என் படம், பதினோரு வயசில் எடுத்தது. கீழே, செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட அநாதைச் சிறுவன் என்று அச்சடித்திருந்தார்கள். என் அப்பா கரும்பு வெட்டப் போனவர். அம்மா நடவுக்குப் போனவள். சூளை வாசலை நாங்கள் மிதித்ததில்லை. அறிக்கையை வீட்டுக்கு எடுத்துவந்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "நான் உசுரோட இருக்கறப்பவே உன்ன அநாதைன்னு எழுதிக் காசு வாங்குனாங்களாடா?"

எந்த ஆடிட்டரும் கேட்காத கேள்வி அது.

கணக்கையெல்லாம் ஆடிட்டர் பார்த்துவிட்டார், அரசாங்கத்துக்கும் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். உண்மையாகவே இருக்கட்டும். ஆடிட்டர் எதைப் பார்ப்பார்? வவுச்சர் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பார். என் வவுச்சரில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஸ்டாம்ப்கூட நேராக ஒட்டியிருப்பேன். அதில் இருக்கும் பொய் எனக்கும் கொடுத்தவருக்கும் மட்டும்தான் தெரியும். கையெழுத்துப் போட்டவர்கள் ஒரே இடத்தில் கூடி, கணக்கைச் சத்தம் போட்டுப் படித்தால்தான் அது வெளியே வரும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் 1994இல் இதைத்தான் தொடங்கியது. ஊர்ப் பொதுவில் வேலைப் பதிவேட்டை வாசித்தார்கள். செத்தவன் பேரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில் எல்லாம் மக்கள் வாயாலேயே வெளியே வந்தது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே வருசம் வந்த வேலை உறுதிச் சட்டம், கிராம சபையில் சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்றது. இதையெல்லாம் எங்களுக்குப் பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்ததே இந்தத் தொண்டு நிறுவனங்கள்தான்! பஞ்சாயத்துத் தலைவரிடம் கணக்குக் கேள் என்று கற்றுக் கொடுத்தார்கள். கேட்டோம், அடியும் வாங்கினோம். அதே வாயால் அவர்களைக் கேட்டால் மட்டும் துரோகியா?

பணம் கொடுத்தவன் வெளிநாட்டுக்காரன், அவனுக்குக் கணக்குக் காட்டிவிட்டோம், உங்களுக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள். இந்த வாதம் பழசு. 1932இல் காந்தி தொடங்கிய ஹரிஜன சேவக சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. பாவம் செய்தவன் சாதி இந்து, பிராயச்சித்தம் அவனுடையது, பணமும் அவனுடையது, ஆகவே நிர்வாகமும் அவனுடையதே என்ற பொருளில் பதில் வந்தது. அண்ணல் அம்பேத்கர் இதை விடவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று 1945இல் எழுதிய நூலில் அந்தச் சங்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, வரவு செலவையும் எடுத்து வைத்துப் பேசினார். தருமம் வாங்குகிறவனின் அரசியலைத் தருமமே எப்படிக் கொல்லும் என்று காட்டினார். அண்ணல் கணக்குக் கேட்டால் விமர்சனம், நான் கேட்டால் துரோகமா? அங்கே நிர்வாகி சாதி இந்து, இங்கே நம்மாள் என்பது ஒரு வித்தியாசம்தான். கொடுப்பவனுக்கே கணக்கு, வாங்குபவனுக்குக் கும்பிடு என்ற முறை மட்டும் மாறவே இல்லை.

இன்னொரு வாதத்தை நான் லேசாகத் தள்ள மாட்டேன். நல்ல தோழர்கள் சொல்கிறார்கள்: "இப்ப இதப் பேசுனா தில்லிக்காரன் புடிச்சிக்குவான். உரிமைக்காகப் பேசுற அமைப்புங்களையே முடக்கிடுவான்." பயத்தில் நியாயம் இருக்கிறது. குஜராத்தில் தலித் மக்களோடு வேலை செய்த நவ்சர்ஜன் அமைப்பின் வெளிநாட்டு நிதி உரிமத்தை 2016இல் ரத்து செய்தார்கள். 2020இல் சட்டத்தைத் திருத்தி, ஒரு அமைப்பு இன்னொன்றுக்கு அந்த நிதியைக் கைமாற்றக் கூடாது என்றார்கள். இதில் அடிபட்டவை சின்னச் சின்ன அமைப்புகள்தான். அதே அரசாங்கம் 2022இல் நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி உள்துறையின் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. கணக்கு தில்லிக்குப் போகலாமாம், நமக்கு வரக் கூடாதாம். அப்படியென்றால் அரசாங்கத்தின் நோக்கம் நேர்மை அல்ல, பிடி. அதனால்தான் சொல்கிறேன், கணக்கை நம் மக்கள் முன்னால் வையுங்கள். மக்கள் முன்னால் வைத்தவனுக்கு நாளை சோதனை வந்தால் சேரியே திரண்டு நிற்கும். மறைத்தவனுக்கு யார் நிற்பது?

நிர்வாகச் செலவு இத்தனை சதவீதம் என்ற கணக்கிலும் ஏமாந்துவிடாதீர்கள். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதியை 2020இல் 20 ஆகக் குறைத்தார்கள். இதனால் யாரும் யோக்கியனாகிவிடவில்லை. ஜீப்புக்கு ஊற்றும் டீசலைப் 'பயிற்சி' என்று எழுதினால் நிர்வாகச் செலவு தானாகக் குறைந்துவிடும். சம்பளம் கொடுப்பது குற்றமில்லை. பாடம் சொல்லித் தருகிறவனுக்குச் சம்பளம் கொடுக்காமல் பள்ளிக்கூடம் எப்படி நடக்கும்? சம்பளம் என்று எழுதியதைச் சம்பளமாகவே கொடு என்பதுதான் என் வழக்கு.

மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறேன். நிர்வாகக் குழுவில் யார் யார் என்று முதலில் பாருங்கள். எங்கள் நிறுவனத்தில் இயக்குநர், அவர் மனைவி, மைத்துனர், மைத்துனரின் நண்பர். காலனிக்காரர் ஒருவர்கூட இல்லை. நிலமும் கட்டடமும் நிறுவனத்தின் பேரில் இருக்கிறதா, குடும்பத்தின் பேரில் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். சங்கமாகப் பதிவு செய்திருந்தால், தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்கு கொடுத்தாக வேண்டும். அங்கே போய்க் கேளுங்கள். அரசாங்கப் பணம் கணிசமாக வாங்கும் தொண்டு நிறுவனமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும்விட முக்கியம், அறிக்கையில் பேர் இருக்கிற வீட்டுக்கெல்லாம் நேரில் போங்கள். ஆடு கொடுத்ததாக எழுதியிருந்தால் ஆடு வந்ததா என்று கேளுங்கள். பயிற்சி என்றால் சாப்பாட்டு இலை எத்தனை என்று கேளுங்கள். நம் ஆயாக்களுக்கு எதுவும் மறக்காது.

நிறுவனத்தை இழுத்து மூடச் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இன்று நர்சாக, வக்கீலாக இருக்கிறார்கள். அது வேண்டும். வருசத்துக்கு ஒரு நாள் தமிழில் வரவு செலவு எழுதிக் காலனிச் சுவரில் ஒட்டுங்கள். கூட்டம் போட்டு வாசியுங்கள். குழுவில் பாதி இடத்தைக் காலனிக்குக் கொடுங்கள், அதில் பெண்கள் இருக்கட்டும். எங்கள் படத்தையும் கதையையும் அச்சடிக்கும் முன் எங்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

என் கையெழுத்துள்ள பதினாறு வவுச்சரும் பொய் என்று இங்கே எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. மற்ற பதினோரு பேரும் வாய் திறக்க வேண்டும். அவர்களில் ரெண்டு பேர் இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் படங்கள் இந்த வருச அறிக்கையில் வந்திருக்கின்றன. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் யாரும் அவர்களுக்குப் படித்துச் சொல்லவில்லை.